பிரேசில் வரைக்கும் போன வேலி

...அதான்க்கா சொல்றேன், இந்த நில அளவை சாஃப்ட்வேரைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்... ஏன்டா, எங்க பராகுவேயில ஆயிரத்துக்குப் பின்னாடி புள்ளி வைப்போம், மீட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் நடுவுல கமா வைப்போம், பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கே தெரியும், உனக்குத் தெரியாதான்னு கேப்பேன். விடமாட்டேன்க்கா.

இந்தாங்க, தெரெரே, எங்க ஊரு பச்சிலைத் தண்ணி. ஐஸ் போட்டிருக்கேன், பஸ் குலுங்குது, குவளையைப் புடிச்சுக்கிட்டு நல்லா உறிஞ்சுங்க. நன்றின்னு மட்டும் சொல்லிராதீங்க, சொல்லிட்டா போதும்னு அர்த்தமாயிரும், அப்புறம் நான் ஊத்த முடியாது.

எங்க விட்டேன்... ஆங், மாமியார் நிலம். இபி யாவூ பக்கம், செம்மண்ணு, மாண்டியோக்கா, அதான் மரவள்ளிக் கிழங்கு, சும்மா தொடை தொடையா விளையும்... சரி, அது கிடக்கட்டும். பாதி எம் பொண்டாட்டி நிமியாவுக்கு, பாதி அவ அக்கா பிளாசிதாவுக்கு. அளந்தது நான். இருபத்திரெண்டு வருஷமா அளக்குறேன், ஒரு முளை தப்பா அடிச்சதில்ல. பிளாசிதா பங்கு 1.250 மீட்டர் அகலம், ஆயிரத்து இருநூத்தம்பது. நிமியாவுது 980,40. தொள்ளாயிரத்து எம்பது மீட்டர், நாப்பது சென்டி; அகலம் கம்மி, நீளம் கூட, பரப்பு சமம். கம்ப்யூட்டர்ல தட்டுனேன், வரைபடத்தை அச்சடிச்சேன், பிரிச்சுக்கூடப் பாக்கல. ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாடியும் விரிச்சேன்.

பிளாசிதாவுக்கு ஒன்னேகால் மீட்டர்! கட்டில் போடலாம், திரும்பிப் படுக்க முடியாது. எம் பொண்டாட்டிக்குத் தொண்ணூத்தெட்டு கிலோமீட்டர். பக்கத்துப் பண்ணை, காடு, ஆறு எல்லாத்தையும் தாண்டி பிரேசிலுக்குள்ள போயி நிக்குது வேலி. "அனாஸ்தாசியோ, நீ பங்கு பிரிச்சியா, நாட்டைப் புடிச்சியா?"ன்னு கேட்டா பிளாசிதா. மாமியார் சிரிச்சு சிரிச்சு புரையேறிப் போச்சு. நிமியா மட்டும் சிரிக்கல. "எங்க அக்கா கண்ணுல என்னைத் திருடியாக்கிட்டியே, சரி பண்ணிட்டு வந்து கூப்பிடு"ன்னு அங்கயே இருந்துட்டா. இன்னையோட ஒம்பது நாள். வீட்டுக்குள்ள போகவே பிடிக்கலக்கா.

ஏன் அப்படி ஆச்சா? அது... கம்ப்யூட்டர்ல எந்த நாடுன்னு ஒரு இடம் இருக்கும். அதுல பராகுவே போயி மெக்சிகோ வந்திருச்சு. மெக்சிகோக்காரனுக்குப் புள்ளியும் கமாவும் இடம் மாறி நிக்கும். யாரோ மாத்திட்டாங்க.

சரி, நான்தான்.

போன மாசம் கால்பந்துல நாலு கோல் வாங்குனானுங்களே நம்ம பசங்க! இவனுங்க ஜெயிக்கிற வரைக்கும் இந்த நாட்டுப் பேரு என் கம்ப்யூட்டர் பொட்டியில இருக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டேன். பட்டியல்ல மெக்சிகோ கண்ணுல பட்டுச்சு, அமுக்கிட்டேன்.

இப்ப சரி பண்ணிட்டேன், பாருங்க, இந்தக் குழாய்க்குள்ள புது வரைபடம், அவளைக் கூப்பிடத்தான் போயிட்டிருக்கேன். அறுவத்துநாலு அளவையும் மெக்சிகோ கணக்குக்கு ஒவ்வொண்ணா மாத்தி அடிச்சேன். மூணு நாள். என்ன... நாட்டை மட்டும் திருப்பிப் போட்டிருந்தா போதுமா? அது தெரியாமயாக்கா. அவனுங்க இன்னும் ஜெயிக்கலையே! ஆனா நிமியா இந்தக் குழாயைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டா. பொட்டியில இப்ப எந்த நாடு இருக்குன்னுதான் வாசல்லயே கேப்பா. என்னைய அவ்வளவு தெரியும் அவளுக்கு.

என்னக்கா, நன்றியா? உங்க ஊரு வந்திருச்சா? சரி, குவளையைக் குடுங்க. இறங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. பொட்டியைத் திறந்துட்டேன். இந்தா, பராகுவேன்னு இருக்கு பாருங்க, அது மேல உங்க விரலை வெச்சு ஒரு அமுக்கு. சத்தியம் பண்ணது நான்தானே, நீங்க இல்லையே.