கேக்கில் முட்டை

மின்சார ரயிலில், நெமிலிச்சேரியில் ஏறிய இருவர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். இளையவர் ஆவடி வருவதற்குள் பதினோரு முறை செல்போனைப் பார்த்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு ஆறு முட்டை துன்றவன் மாமே நானு. ஊட்டுக்காரிக்கு நல்லபடியா பிரசவம் ஆவணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினு, முப்பத்தெட்டு நாளா ஒண்ணுகூட தொடல."

"கோழிங்க எல்லாம் உன்னைத்தான் தேடுது."

"சிரிக்காத. காலைலயே அவள பிரசவ ரூமுக்குள்ள இட்டுகினு போய்ட்டாங்க. இன்னும் போன் வரல."

"வரும்டா. அது சரி, நேத்து கம்பெனில மூணு துண்டு கேக்கு துன்னியே, அதுல இன்னா, முருங்கைக்காயா போட்டாங்க?"

இளையவரின் முகம் வெளுத்தது.

"கேக்குல முட்டை கீதா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனூர், திருமுல்லைவாயில் என்று இரண்டு நிலையங்கள் போயின. பிறகு போன் அடித்தது. இளையவர் அழைப்பை எடுக்காமல் போனைப் பெரியவரிடம் நீட்டினார்.

"நீ பேசு மாமே. எனக்கு பயமா கீது."

ஐந்தாவது முறை மணி அடித்ததும் பெரியவர் எடுத்தார்.

"பொண்ணுடா! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!"

இளையவர் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். அம்பத்தூரில் எழுந்தபோது பெரியவர் அவர் தோளைத் தட்டினார்.

"ஆஸ்பத்திரி எதிர்லயே ஆம்லேட் கட கீது. வா, வாங்கித் தரேன்."

"வாணாம் மாமே. மூணு துண்டுக்கு இன்னும் மூணு நாள் போவட்டும்."