பேட்டர்னில் இல்லாத துண்டு

தையல் பேட்டர்ன் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பவர்களை நான் நம்புவதில்லை. ஒட்டிய வாயை இரண்டு நிமிடம் ஆவியில் காட்டினால் போதும், அது தானாக விட்டுக்கொடுக்கும். உள்ளே உடையின் வெட்டுக்கோடுகள் அச்சடித்த மெல்லிய தாளை விரித்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஒரு முறை ஓட்டி மடிப்பை நீக்க வேண்டும். பிறகு நமக்கான அளவுக் கோட்டை மட்டும் வேறு தாளில் நகல் எடுத்துக்கொண்டு, அசலைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். என் அலமாரியில் நாற்பத்திரண்டு உறைகள் இருக்கின்றன, ஒன்றில்கூடக் கிழிசல் கிடையாது. நான் எதையும் கிழிக்கிற ஆள் இல்லை என்பது தெரியட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

இந்த விளக்கத்தை எழுத்தில் கேட்டவர் என் கணவர். அவர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறார். "வாயால பேசினா நீ என்னைச் சுத்தி வளைச்சிடுவ. எழுதிக் குடு," என்றார். இருபது வருடத்தில் அவர் பேசிய புத்திசாலித்தனமான பேச்சு அது. சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியில் நீல கவுன் கிடக்கிறது. வலது அக்குள் பிரிந்திருக்கிறது. சாட்சிப் பொருளாம். அதை வைத்துக்கொண்டு மேசையில் யாரும் சாப்பிட முடியவில்லை, மூன்று நாளாக எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறோம்.

வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், எங்கள் பதினாறு வயது மகள், என் கொழுந்தனார், அவர் மனைவி. கொழுந்தனார் மனைவியை இங்கே இளையவள் என்று எழுதுகிறேன். என் மகளுக்கு அவள் சித்தி. தையல் மெஷின் ஒன்றுதான். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு எண்ணெய் விடும் நாள், அதுவும் நான்தான் விடுவேன்.

இளையவள் தைக்கிற விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவளும் கடையில் பேட்டர்ன் வாங்கித்தான் தைக்கிறாள். ஆனால் உறையைப் பல்லால் கிழிப்பாள். தாள் பறக்காமல் இருக்க மேலே காபி டம்ளரை வைப்பாள். எட்டுப் பக்கக் குறிப்புத் தாளில் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க மாட்டாள். கழுத்து வளைவு பிடிக்கவில்லை என்றால் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்துகொள்வாள். ஒருமுறை நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அது சும்மா ஒரு யோசனைதானே அக்கா, சட்டமா என்ன," என்று சிரித்தாள். சட்டத்தை வரைந்தவர்களே இத்தனை அம்புக்குறியும் முக்கோணமும் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு வீண் வம்பு பிடிக்காது.

வேடிக்கை என்னவென்றால், அவள் ஏனோதானோவென்று தைப்பதை எல்லோரும் விரும்பிப் போடுகிறார்கள். நான் என் கணவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். காலர் முனை இரண்டும் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு நூல் பிசகாது. அதை அவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறார். எழுந்து நிற்க வேண்டிய வேலை வந்தால் மாற்றிவிடுகிறார். என் மகள் ஒரு படி மேலே போய்த் தன் தோழியிடம் போனில், "அம்மா தச்ச டிரஸ்ல மூச்சு விடணும்னாகூட பர்மிஷன் கேக்கணும்டி," என்றாள். கதவு திறந்திருந்தது. எனக்கு வலித்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் அந்த உடைகளில் குற்றம் எதுவும் இல்லை. குறிப்புத் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு உடம்பு இருந்தால் அவை கச்சிதமாகப் பொருந்தும்.

இந்த ஆண்டு பள்ளி விழாவில் முப்பது பேர் சேர்ந்து பாடும் பாட்டைக் கையசைத்து நடத்தும் பொறுப்பு என் மகளுக்குக் கிடைத்தது. முதல் தடவை. அதற்காக அவள் இரண்டு மாதம் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேடைக்குப் புது உடை வேண்டும் என்றாள். அன்று திங்கட்கிழமை, மெஷின் என் பக்கம். நான் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் என் அலமாரியைத் திறந்து, என் உறைகளில் மிக நல்ல ஒன்றை எடுத்தாள். முழுக்கை வைத்த நீள கவுன். எடுத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போய், "சித்தி, இதைத் தச்சுக் குடுக்கறீங்களா," என்று கேட்டாள்.

நான் டேப்பைச் சுருட்டி டப்பாவில் வைத்தேன்.

அடுத்த இரண்டு வாரமும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் அடுக்களையில் ஒரே சிரிப்பு. இளையவள் அவளை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி, கையில் கரண்டியைக் கொடுத்து, பாட்டை நடத்திக் காட்டச் சொன்னாள். அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் துணி எங்கே இழுக்கிறது என்று பார்த்து சாக்பீஸால் கோடு போட்டாள். நான் அடுத்த அறையில் மெஷினுக்கான பாபின்களில் கையாலேயே நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கும் எல்லா பாபினிலும் சுற்றி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விழா சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. காலையிலேயே மகள் ஒத்திகைக்குப் போய்விட்டாள். இளையவள் மல்லுக்கட்டி வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு வாங்கியிருந்தாள், மதியத்துக்கு மேல்தான் வருவாள். கவுன் இஸ்திரி போட்டுக் கதவின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சும்மா பார்க்கத்தான் எடுத்தேன். பக்கத்தில் குறிப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டது பழக்க தோஷம்.

பதினோரு பிழைகள் இருந்தன. முதுகு இரண்டு விரல் அகலம் கூடுதல். மணிக்கட்டுப் பட்டி குட்டை. பக்கவாட்டில், கைக்குட்டை வைத்துக்கொள்ள ஒரு பை, பேட்டர்னில் எங்குமே இல்லாத பை. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு அக்குளிலும் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சதுரத் துண்டைச் சேர்த்துத் தைத்திருந்தாள். கையைத் தூக்கினால் துணி இறுக்காமல் இருப்பதற்காம். எட்டுப் பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு துண்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

தெரிந்தே ஒரு பிழையை மேடையேற்ற என் மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை மெஷின் அவளுடையதுதான், ஆனால் அவள் வீட்டில் இல்லை. தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து உட்கார்ந்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு தையலாகத் தூக்கி, துணிக்கு ஒரு கீறல் விழாமல் பிரித்தேன். சதுரத் துண்டுகள் இரண்டையும் எடுத்தேன். கையையும் பக்கவாட்டையும் அச்சடித்த கோட்டிலேயே மறுபடி சேர்த்தேன். முதுகைப் பேட்டர்ன் அளவுக்குக் கொண்டுவந்தேன். பையை விட்டுவிட்டேன். அதைப் பிரித்தால் தடம் தெரியும், தவிர குழந்தைக்குக் கைக்குட்டை வேண்டும். அந்த அளவுக்கு ஈரம் எனக்கு உண்டு. இஸ்திரி போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டேன். இளையவள் மதியம் வந்து அதை அப்படியே துணி உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

பள்ளி அரங்கில் எங்களுக்கு மூன்றாவது வரிசை. நடைபாதை ஓரத்தில் நான், எனக்கு அடுத்து இளையவள், அதற்கடுத்து ஆண்கள் இருவர். மகள் மேடைக்கு வந்தாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தாள். பேட்டர்ன் உறையின் மேலே அச்சடித்த படத்தில் இருப்பது போலவே தோள் பொருந்தியிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் கையைத் தூக்கினாள். கை மார்பு வரைதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள், அதற்கு மேல் வரவில்லை. கை தாழ்ந்திருந்தால் மெதுவாகப் பாட வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள் போலிருக்கிறது. முப்பது பேரும் கிசுகிசுப்பாகப் பாடத் தொடங்கினார்கள். விடியலை வரவேற்கும் பாட்டு அது. தூங்குகிற வீட்டில் திருடன் பாடுவது போல் இருந்தது. பாட்டு டீச்சர் முதலில் முழித்தார். பிறகு இதுவும் ஒரு நயம் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். அரங்கில் ஒரு இருமல் இல்லை.

கடைசி அடியில் குரல் உச்சத்துக்குப் போக வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை முழுக்கத் தூக்கினாள். அவ்வளவு அமைதியில் அக்குள் தையல் பிரிந்த சத்தம் பின் வரிசை வரைக்கும் கேட்டது. முன்னால் நின்ற பையன் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. என் மகள் கையை உடம்போடு அழுத்திக்கொண்டு, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, மேடைப் படியில் இறங்கினாள். முகம் அவள் ஒரு வயதில் அழுவதற்கு முன்னால் கோணுகிற மாதிரிக் கோணியிருந்தது.

நான் எழுந்துவிட்டேன். என் கைப்பையில் சால்வை இருந்தது. ஊசியும் இருந்தது. அவள் நடைபாதை வழியாக எங்கள் வரிசைக்கு வந்தாள். என்னைத் தாண்டிப் போய் இளையவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இளையவள் அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பிரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சதுரத் துண்டைத் தேடியிருக்கிறாள். பிறகு நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். கையிலிருந்த ஊசியில் நூல் ஏற்கனவே கோத்திருந்தது.

"நூல் கலர்கூட சரியா இருக்கே, அக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் குரலை உயர்த்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சப்பைக்கட்டு கட்டாதே, விட்டுப்போனதையும் எழுது என்கிறார். சரி. அச்சடித்த கோட்டில் சேர்த்தேன் என்றது உண்மைதான். ஆனால் குறிப்புத் தாள் அந்த இடத்தில் நெருக்கமான தையலை இரண்டு வரிசை போடச் சொல்கிறது. நான் மெஷின் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, துணியைத் தற்காலிகமாக இணைக்கப் போடும் நீளத் தையலை ஒரே ஒரு வரிசை போட்டேன். இழுத்தால் பிரியும் தையல். குறிப்புத் தாளை நான் மீறியது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். நீல நூலை அன்று காலையே ஊசியில் கோத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது எங்கே பிரியும் என்று எனக்குத் தெரியும். பிரிந்தால் மூன்று நிமிடத்தில் என்னால் தைத்துவிட முடியும். அவள் ஓடி வருவாள், நான் தைத்துக் கொடுப்பேன். நான் நினைத்தது இவ்வளவுதான். இதில் குழந்தைக்கு என்ன கெடுதல் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பொறாமை என்று ஒரு வார்த்தை போடச் சொல்கிறார். அது பொருந்தாது. நான் தயாராக இருந்தேன், பக்கத்தில் இருந்தேன், வழியிலேயே இருந்தேன். அவசரத்தில் நான் அவள் கண்ணில் படவில்லை, வேறொன்றும் இல்லை. என்னைத் தாண்டும்போதுகூட, "கொஞ்சம் கால நகத்தும்மா," என்று மட்டும்தான் சொன்னாள்.