குறைகளை முதலில் சொன்ன எங்கள் டாக்டர் கோதண்டராமன் அவர்களுக்கு

முதுகு நிமிர வந்தவர்களின் முகத்தையும் மலரவைத்த பெருந்தகையே, அடுகோடி எலும்பு மருத்துவமனையின் அச்சாணியே, இத்தனை ஆண்டுகள் எங்களை அதட்டியும் அரவணைத்தும் நடத்தி இன்று பணி ஓய்வு பெறும் அன்புத் தலைவரே, வணக்கம்.

நொறுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியே சிமென்ட் செலுத்தும் சிகிச்சை நம்மிடம் வந்தபோது, எல்லோரும் அதை அதிசயம் என்றார்கள். தாங்களோ கட்டிலருகே முக்காலி போட்டு அமர்ந்து, தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ, அதன் குறைகளைச் சொல்லி முடித்த பிறகே நன்மைக்கு வருவீர்கள். சிமென்ட் கசிந்தால் நரம்பை அழுத்தும். ரத்தத்தோடு போனால் நுரையீரலை அடைக்கும். இறுகிய எலும்பு பக்கத்து எலும்பை நசுக்கும். உள்ளே போனதைத் திரும்ப எடுப்பது அரிது. கேட்டவர்களில் பாதிப் பேர் இடுப்புப் பெல்ட்டும் ஓய்வும் போதுமென்று மர்பி டவுன் பக்கம் வீட்டுக்கே ஆட்டோ பிடித்துவிடுவார்கள். ‘டாக்டர் வைத்தியம் பார்க்க வந்தாரா, வயிற்றில் புளி கரைக்க வந்தாரா’ என்று முணுமுணுத்தவர்கள் நாங்கள்தான். வேறு வழியில்லாதவர்களுக்கு அந்தச் சிகிச்சையைத் தாங்களே நிதானமாகச் செய்து நடக்கவும் வைத்தீர்கள்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று, அறுவை அரங்கின் வாசலில் மாவிலை கட்ட, யார் தடுத்தும் கேளாமல் ஸ்டூலில் ஏறி விழுந்தீர்கள். முள்ளெலும்பு ஒன்று நசுங்கியது. மகள் தர்ஷினியின் திருமணத்துக்கோ மூன்றே வாரம். மணமகளை மடியில் இருத்தித் தாரை வார்ப்பது தங்கள் வீட்டு வழக்கம்.

“நாளைக்கே சிமென்ட் போட்டுடு, பாலு. பொண்ண மடியில வெச்சுக்கணும்” என்றீர்கள்.

தங்களிடமே தொழில் கற்ற டாக்டர் பாலகுமார் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “சார், குறைய முதல்ல சொல்லிடறேன்” என்று தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னார். சிமென்ட் போட்டாலும் மடியில் ஏறும் பாரம் அடுத்த எலும்பை நொறுக்கக்கூடும் என்று முடித்தார். பிறகு, “பெல்ட்டக் கொண்டா” என்றீர்கள்.

தர்ஷினி தன் சித்தப்பா மடியில் அமர்ந்தார். தாங்கள் பெல்ட்டோடு நாற்காலியில் சாய்ந்து மகளின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தீர்கள். ஊருக்குச் சொன்ன நியாயத்துக்குத் தானும் கட்டுப்பட்ட ஒருவரிடம் வேலை பார்க்கிறோம் என்று அன்று பெருமைப்பட்டோம்.

எலும்பு கூடிவிட்டது, பெல்ட்டும் கழன்றுவிட்டது. இனி அவசர அழைப்பில்லாத உறக்கமும், ஆறாத காபியும், நோய் அண்டாத நீண்ட ஆயுளும் தங்களுக்கு வாய்க்க வேண்டும். தர்ஷினிக்கு இது ஐந்தாம் மாதம் என்று அறிந்து மகிழ்ந்தோம். வரப்போகும் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறை சொல்ல டாக்டர் பாலகுமாருக்கும் ஒன்றும் அகப்படவில்லையாம்.

தங்கள் அன்பில் என்றும் திளைக்கும்
அறுவை அரங்கு மற்றும் வார்டு ஊழியர்கள்
அடுகோடி, பெங்களூர்
31.7.2008