மதகுக்குள் கிடந்த அணை

எனக்கு மழை பிடிக்கும், மிஸ்டர் ஹமீட். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளட் வீடு மூன்றாம் மாடியில். மழை நாளில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்திரிகை வாசிப்பேன். வடிகால் பொறியியலாளன் மழையை வெறுப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். மழை என்ன செய்யும்? விழுகிறது, போக வழி தேடுகிறது. வழி இல்லாவிட்டால் வீட்டுக்குள் வருகிறது.

நெலும்வில கிராமம் ஏன் வருடா வருடம் மூழ்கியது என்பதுதானே உங்கள் விசாரணை. மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம். ஓடைக்கும் வயலுக்கும் நடுவே, பள்ளத்தில் நாற்பத்தொரு வீடுகள்; மேட்டில் பன்சலை, அதாவது புத்த விகாரை. முன்பும் ஓடை பெருகும், முற்றத்தோடு நின்றுவிடும். தொண்ணூற்றைந்தில் ஓடைக்குக் குறுக்கே உயரமான புது றோட்டுப் போட்டு, அடியில் ஓடைத் தண்ணீர் போக மதகு கட்டினார்கள். அடுத்த வைகாசி தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. மேலே இறப்பர் மரங்களை வெட்டியதால் என்றார்கள். வயலை மண் போட்டு நிரப்பியதால் என்றார்கள். ஓடையில் சல்வீனியா என்கிற நீர்க்களை மண்டியதால் என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எல்லாம் சேர்ந்தாலும் தண்ணீரை அரை அடிக்கு மேல் உயர்த்தாது. மீதி மூன்று அடிக்குக் காரணம் வேறு.

அதைக் கண்டுபிடிக்கத் தொண்ணூற்றேழு மாசியில் என்னை அனுப்பினார்கள். கூட வந்தவன் எனக்குப் பல வருடம் பழக்கமான றொபேட். கொட்டாஞ்சேனைத் தமிழன், நெலும்விலவில் ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டி அங்கேயே இருந்துவிட்டவன். ஓடையில் நட்டிருக்கும் அளவுகோலைக் காலையும் மாலையும் பார்த்துக் கொப்பியில் எழுதுவதும், தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் சந்திக் கடையிலிருந்து எனக்குப் போன் எடுப்பதும் எங்கள் திணைக்களம் அவனுக்குக் கொடுத்த வேலை.

அவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் மதகுக்குள் இறங்கினேன். உள்ளே ஓர் அணை கிடந்தது. மதகு கட்டும்போது தண்ணீரை மறிக்க மண்மூட்டையும் கல்லும் அடுக்கியிருக்கிறார்கள். வேலை முடிந்தபின் எடுக்கவில்லை. நான்கு அடி உயரம். பாசி பிடித்து நீருக்கடியில் இருந்தது, வெளியே தெரியாது. அள்ளி எடுக்க ஒரு பெக்கோ இயந்திரத்துக்கு ஒன்றரை நாள் வேலை.

ஏறி வந்தேன்.

"என்ன சேர், உள்ளுக்கு ஏதும் இருக்கா?"

"ஒண்டுமில்லை. மதகு நல்லாத்தான் இருக்கு."

என் அறிக்கை அறுபத்திரண்டு பக்கம். மரம், வயல், சல்வீனியா எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பொய்யும் இல்லை. அணை மட்டும் இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு தம்பி இருந்தான், தயாபரன். தொண்ணூற்றாறு ஆடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினான். இருபத்திரண்டு வயது. கனடாவிலிருக்கும் அக்காவிடம் அனுப்ப அலுவல் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது வெள்ளவத்தை லொட்ஜுகளில் தமிழ்ப் பொடியன்களைப் பொலிஸும் ஆமியும் லொறி லொறியாக ஏற்றினார்கள். சிங்களக் கிராமத்தில் யாரும் தேடமாட்டார்கள் என்று எண்ணி றொபேட்டிடம் கதைத்தேன்.

"அனுப்புங்க சேர்," என்றான். "என்ட சொந்தக்காரப் பொடியன் எண்டு சொல்லிக்கொள்றன். நாங்க சாப்பிடுறதத்தானே அவரும் சாப்பிடப் போறார்."

அங்கே போன ஒன்பதாம் நாள் ஜீப்பில் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். எந்தச் சிறையிலும் இல்லை, எந்த முகாமிலும் இல்லை. இன்றுவரை இல்லை.

அவன் இருந்த இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, என் மனைவி அருந்ததிக்கு, றொபேட்டுக்கு. அருந்ததி சொல்லமாட்டாள். மிச்சம் யார்? எங்கள் மேசையில் சாப்பிட்டவன். அவன் மகள் ஸ்டெல்லாவுக்கு நத்தார் பண்டிகைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் அருந்ததி. அப்படி நம்பின ஒருவன் காட்டிக்கொடுத்தால் சத்தம் போட முடியாது, மிஸ்டர் ஹமீட். நான் சத்தம் போடவில்லை. மாசியில் மதகுக்குள் நின்றபோது, இனி இவனுக்கு எதுவும் சொல்லவேண்டியதில்லை என்று மட்டும் தோன்றியது.

மற்ற நாற்பது வீடுகள் என்ன செய்தன என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரை ஒரு வீட்டுக்கு மட்டும் அனுப்ப முடியாது.

அதன்பின் மூன்று வருடம் மூன்று வெள்ளம். ஒவ்வொன்றின் பிறகும் றொபேட் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு கந்தோரில் என் மேசைக்கு வருவான்.

"சேர், நீங்க எழுதின மாதிரியே சல்வீனியா எல்லாம் அள்ளிட்டம். பொம்புளைகளும் இறங்கினவங்க. அப்பவும் தண்ணி ஏறுது. ஏன் சேர்?"

"இன்னும் கொஞ்சம் ஆழமா அள்ளச் சொல்லும்," என்பேன். தேநீர் வரவழைத்துக் கொடுப்பேன். அவன் நான் சொன்னதைக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக்கொள்வான். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

போன வைகாசி வெள்ளத்துக்கு வருகிறேன். காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"சேர், சிவப்புக் கோட்டுக்கு மேல ஒரு அடி போயிட்டு. ஆக்களப் பன்சலை மேட்டுக்கு ஏத்தவா? ஏத்தினா இப்பவே ஏத்தோணும்."

"பொறும் றொபேட். பன்னிரண்டு மணிக்குள்ளை வடியும். சனத்தைப் பதறவைக்க வேண்டாம்."

"நிச்சயமா சேர்?"

"நான் சொல்லுறன்தானே."

"சரி சேர்."

அவன் வீடு வீடாகப் போய், பெரிய சேர் வடியும் என்கிறார் என்று சொல்லியிருக்கிறான். பதினொன்றரைக்கு மண்சுவர்கள் கரைந்து விழுந்தன. ஏழு பேர். ஸ்டெல்லாவை மேசைக்கு மேல் இருத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக் கிழவரைத் தூக்கப் போயிருக்கிறான். திரும்பி வரும்போது மேசையும் இல்லை. ஒன்பது வயது.

அவன் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "எங்கட சேர்ல பிழை இல்ல. அவருக்கு எப்பிடித் தெரியும்? அவர் எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டவர்." அந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். நானும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தயாபரனைப் பற்றியும் அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். வந்தவர்கள் கையில் ஒரு கடதாசி இருந்ததாம்; அதைப் பார்த்து 'கந்தையா தயாபரன்' என்று முழுப்பெயரை வாசித்தார்களாம். தனக்கு அவனைத் தயா என்றுதான் தெரியும் என்றானாம். புதிதல்ல. பொடியனைக் கொண்டுபோன அன்று பின்னேரமே எங்கள் வாசலில் நின்று அழுதழுது இதைத்தான் சொன்னான். உள்ளே வரச் சொன்னது அருந்ததி. நான் சொல்லவில்லை.

அது என்ன கடதாசி என்று கேட்கிறீர்கள். வீட்டில் தங்குபவர்களைப் பொலிஸில் பதியவேண்டும், உங்களுக்கும் தெரியும். தயாபரனைப் பதிந்திருந்தேன். அவன் இடம் மாறியதும் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய் அதையும் அறிவித்தேன். படிவத்தில் 'தற்போதைய விலாசம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்தாறு வருட அரச சேவையில் நான் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டவனல்ல. நிரப்பினேன். றொபேட்டின் பெயர், வீட்டு இலக்கம், நெலும்வில. அச்செழுத்துப் போல எழுதியிருந்தேன்.

"அதை ஏன் எழுதினனீங்கள்?" என்று அருந்ததி ஒரே ஒரு முறை கேட்டாள். ஒழுங்காக இருக்கவேண்டும் என்றேன். அந்தக் கிழமையே கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவளுக்கு எப்போதும் றொபேட்டில் இரக்கம்.

சரி. அணையைக் கண்டும் மறைத்தவன் நான். தண்ணீர் வடியாது என்று தெரிந்தே பொறு என்று சொன்னவனும் நான். ஏழு உயிருக்கும் நான் பொறுப்பு. எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் என் தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் றொபேட். அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். பொலிஸ் ஸ்டேசனில் அலுமாரி அலுமாரியாகப் படிவங்கள் கிடக்கின்றன, மிஸ்டர் ஹமீட். அதையெல்லாம் யார் எடுத்து வாசிக்கப்போகிறார்கள்?