பாட்டுக்கும் படிப்புக்கும் ஒரே பொட்டி

இல்ல தம்பி, அந்த லேப்டாப்ப உள்ள வைங்க. சின்னதா, அழகாத்தான் இருக்குது. தூக்கிப் பாத்தேன், கனமே இல்ல. ஆனா அதுல பாட்டு எம்மாம் புடிக்கும்னு கேட்டா நீங்க சரியா சொல்ல மாட்டேங்கறீங்க பாருங்க. படிப்புக்கு இது போதும்னு சொல்றீங்க. படிப்புக்கு மட்டும் இல்லன்னுதான் நானும் வந்ததுலேர்ந்து சொல்லிகினு இருக்கேன். பையன் டிஜே போடுவான்.

ஆமா, டிஜேதான். சிரிங்க, பரவால்ல. உப்புல வெடிச்ச காலோட வந்து நிக்கிறவன் வாயில இந்த வார்த்தை வந்தா சிரிப்புதான் வரும். நான் மரக்காணம். உப்பளத்துல கூலி வேலை, இருபத்தெட்டு வருசமா. எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும், பசங்க பேசி காதுல வுழுந்ததுதான்.

இந்தாங்க, சீட்டு வச்சிருக்கேன். ரெண்டு சீட்டு. இந்த அழகான கையெழுத்து மோகன் வாத்தியாரோடது, பிளஸ் டூவுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தர்றவரு. கனம் கம்மியா இருக்கணும், பேட்டரி ரொம்ப நேரம் நிக்கணும், சி பிளஸ் பிளஸ் ஓடணும்னு எழுதியிருக்காரா? ஸ்கூல்ல பத்து பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் தம்பி. தொடறதுக்குள்ள மணி அடிச்சிடுதாம். இன்னொரு சீட்டு கோணக்கா மாணக்கான்னு இருக்கும், அது நான் எழுதுனது. சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கிற வெங்கடாசலம் சொல்லச் சொல்ல எழுதுனேன். ஹார்டு டிஸ்க் பெரிசா இருக்கணும், சிடி எழுதணும், சத்தம் ரெண்டு வழியா வெளிய வரணும். ஒண்ணு பாக்ஸுக்கு, ஒண்ணு காதுக்கு. ஜனங்க ஒரு பாட்டு கேட்டுகினு இருக்கும்போதே, போடறவன் அடுத்த பாட்ட தன் காதுல மட்டும் கேட்டு சரி பண்ணிக்கணுமாம்.

பாத்தீங்களா, வாத்தியாரு கனம் வேணாம்னு சொல்றாரு, வெங்கடாசலம் பெரிசா வாங்குன்னு சொல்றாரு. ரெண்டும் ஒரே பொட்டில ஆவணும். அதான் உங்கள இம்சை பண்றேன். பணம் கையில இருக்குது, அதப் பத்தி யோசிக்காதீங்க.

அந்தக் கறுப்ப எடுங்க. ஆங், இது. அறுபதா? அறுபது ஜிபின்னா எத்தினி பாட்டு? அடேங்கப்பா. அவன் ஆயுசுக்கும் போடலாம் போல இருக்குதே. ஓட்டை ஒண்ணுதான் இருக்குதா? தனியா ஒரு சின்ன டப்பா மாட்டுனா ரெண்டு வழியா வரும், சரி, அந்த டப்பாவையும் வைங்க. கனம்... இருக்குதுதான். மூட்டை தூக்குற பையன், தாங்குவான்.

ஒண்ணு கேக்கணும். இது துரு புடிக்குமா? எங்க பக்கம் உப்புக்காத்து தம்பி. புது சைக்கிள் வாங்குனா வருசம் தாண்டறதுக்குள்ள கம்பியெல்லாம் பொறிப் பொறியா வந்துடும். பையில போட்டு வைக்கணுமா, சரி. வேல தீந்ததும் மூடி வச்சிடணும். எழுதிக் குடுத்துடுங்க, அவன் படிச்சிக்குவான்.

அவன் பாட்டு போட்டு நீங்க பாத்திருக்கணும். கம்ப்யூட்டர் எல்லாம் கெடையாது, வெங்கடாசலத்தோட ரெண்டு சிடி பிளேயரு, அவ்ளோதான். ஜனங்க மூஞ்ச பாக்கமாட்டான், கால பாப்பான். யாரு கால் நிக்குது, யாரு கால் தாளம் போடுதுன்னு பாத்து பாட்ட மாத்துவான். எந்தப் பாட்டு எங்க முடிஞ்சிது, எது எங்க ஆரம்பிச்சிதுன்னு தெரியாது. ஒரு கல்யாணத்துல எங்க மேஸ்திரி, அம்பது வயசுக்கு மேல, சிரிச்சே பாக்காத ஆளு, தோள்ல துண்ட போட்டுகினு ஆடுனாரு. அப்ப இவனுக்கு பதினாறு வயசுகூட முடியல.

ஒரு வாட்டி பெரிய முதலியார்சாவடி பக்கம் எதோ ரிசார்ட்டுல லோடு எறக்கப் போயிருக்காங்க பசங்க. அங்க ஒரு வெள்ளக்காரன் இந்த மாதிரி பொட்டிய தொறந்து வச்சிகினு, சிடியே இல்லாம பாட்டு போட்டானாம். வேலிக்கு வெளிய நின்னு முடியற வரைக்கும் பாத்துட்டு வந்தாங்க. அப்பால ஒரு வாரம் எங்க வூட்ல உக்காந்து அதே பேச்சு. பேப்பர்ல வர்ற லேப்டாப் விளம்பரத்தையெல்லாம் வெட்டி வெட்டி, இதுவா அதுவான்னு சண்ட. சோத்துத் தட்ட முன்னாடி வச்சிகினு சண்ட போடுவாங்க. ஒருத்தன் சத்தம் நல்லா வர்றது வேணும்பான், ஒருத்தன் படிக்கறதுக்கும் ஆவணும்டாம்பான். எங்க வூட்ல அவ, மொதல்ல சோத்த துன்னுங்கடான்னு கத்துவா.

கூட்டிகினு வந்திருக்கலாம்தான். அவன் வரமாட்டான் தம்பி. போன் போட்டுக் கேக்கறதுக்கும் இல்ல. நாங்க பேசிக்கறதில்ல. ஒண்ணரை வருசமாச்சி. ஒரே அளத்துலதான் வேல செஞ்சோம், அவன் ஒரு பாத்தில உப்பு வாருவான், நான் அடுத்த பாத்தில. பேசுனதில்ல. மத்தியானத்துல ஒதுங்க அங்க ஒரே ஒரு கொட்டாய்தான். நான் வந்தா எழுந்து எடம் விட்டுட்டு வெயில்ல போயி உக்காந்துக்குவான்.

எல்லா வூட்லயும் இருக்கறதுதான்னு சொல்றீங்க. உங்க அப்பாகூடயும் நீங்க பேசறதில்லையா? பேசுங்க தம்பி. நான் சொல்றதுக்கு இல்ல, இருந்தாலும் பேசுங்க.

இப்பவா? இப்ப அவன் பாட்டு போடறதில்ல. கல்யாண வூட்டுல மைக் செட்டு பாடுதுன்னா அந்தத் தெருவுலயே போவமாட்டான். நீங்க கேக்கறது நாயம்தான், போடாதவனுக்கு எதுக்கு அறுபது ஜிபி, சின்னதே வாங்கிட்டுப் போயேன்னு. மோகன் வாத்தியாரும் அதான் சொன்னாரு. இல்ல, பெரிசுதான் வேணும். அவன் போடணும் தம்பி. இன்னிக்கி இல்லன்னாலும் என்னிக்காவது அவன் போடணும்.

சரி, இந்தக் கறுப்பே இருக்கட்டும். பில்லு போட்டுடுங்க.

பேரு சித்தார்த்தன். நாளைக்கி ரிப்பேருன்னா அவன்தானே கொண்டாரணும், அவன் பேர்லயே போடுங்க. அப்பா பேரா? தங்கராசு.

இல்ல, நான் தங்கராசு இல்ல. என் பேரு அந்தோணிசாமி.

அவன் என் பையன் இல்ல தம்பி. என் பையன் பேரு சகாயராஜ். சித்தார்த்தன் அவன் கூட்டாளி. என் பையன் சுனாமில போயிட்டான். எழுதுங்க, தங்கராசு மகன் சித்தார்த்தன்.

பரவால்ல, உக்காந்துக்கறேன். தண்ணி வேணாம்.

ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒண்ணு. பாட்ட பொறுக்கி எடுக்கறது அவன், வயரு இழுக்கறது, பாக்ஸ் கட்டறது என் பையன். அந்த வருசம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. எங்க வூட்ல பிரியாணி, அவனும் வந்து துன்னான். மறுநாள் குப்பத்துப் பசங்களுக்கு கடற்கரையில கிரிக்கெட் பைனலு. மேட்சுன்னா பாட்டு வேணும், மைக்குல ஸ்கோர் சொல்லணும். வெங்கடாசலம் அன்னிக்கித்தான் மொதமொதல்ல செட்ட இவங்கள நம்பி தனியா குடுத்தாரு. ரெண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப்ளிஃபயரு. காலையில ஏழு மணிக்கெல்லாம் மீன்பாடி வண்டில கட்டிகினு போயிட்டாங்க.

அப்பால நடந்தது உங்களுக்கே தெரியும், ஊரு உலகத்துக்கே தெரியும். அந்த நேரத்துல நான் வூட்ல மீந்த பிரியாணிய துன்னுகினு இருந்தேன். ஜனங்க ரோட்டுல ஓடறாங்க, கடலு வருது கடலு வருதுன்னு. எனக்குப் புரியல. கடலு எப்படி வரும்? நான் கெழக்கால ஓடுனேன், எல்லாரும் மேக்கால ஓடறாங்க. உப்பளத்து வரப்பு மேல சித்தார்த்தன் நிக்கிறான். மேலெல்லாம் சேறு. எங்கடா அவன்னு கேட்டேன். கடலு பக்கம் கைய காட்டுனான்.

மறுநாள் சாயங்காலம் சவுக்குத் தோப்புல கெடைச்சான். கெடைச்சதே பெரிசு, சில பேருக்கு அதுவும் இல்ல.

கல்லறையில மண்ணு போட்டு முடிச்சாங்க. அவன் ஓரமா நின்னுகினு இருந்தான். நான் போயி அவன் சட்டைய புடிச்சேன். ஊரே நிக்குது, சாமியார் நிக்கிறாரு. நீ மட்டும் எப்படிடா வந்தன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாதானடா போனீங்க, அவன விட்டுட்டு உன் உயிர மட்டும் தூக்கிகினு ஓடியாந்தியாடான்னு கேட்டேன். அறைஞ்சேன் தம்பி. எத்தினின்னு தெரியல. தங்கராசு பாத்துகினேதான் நின்னாரு, வந்து தடுக்கல. புள்ளைய பறிகுடுத்தவன்னு வுட்டுட்டாரு. பையன் தல குனிஞ்சிகினு நின்னான். ஒரு வார்த்தை திருப்பி சொல்லல.

அதுக்கப்புறம் ஊரே அதத்தான் சொல்லிச்சி. கூட்டாளிய விட்டுட்டு ஓடியாந்தவன்னு. நான் சொன்னதுதானே, ஜனங்க அப்பிடியே புடிச்சிகினாங்க. பரீட்சைக்குப் போவல. ஸ்கூல வுட்டுட்டான். செட்டு பக்கம் போவல. அளத்துல சேறெல்லாம் வாரி வேல ஆரம்பிச்சதும், அவங்கம்மா ஆராயி கூட கூலிக்கி வந்துட்டான். எனக்கு அவன பாக்கப் பாக்க எரியும். நெஜத்த சொல்றேன். இவன் நடக்கிறான், இவனுக்கு மீச வருது, என் பையனுக்கு வரலையேன்னு.

போன மாசம் மோகன் வாத்தியாரு அளத்துக்கே வந்தாரு. பிளஸ் டூவ திரும்பப் படிக்க வைக்கறேன், வாடான்னு கூப்புட்டாரு. அவன் முடியாது சார்ங்கறான். அவரு வுடல, கெஞ்சறாரு. நான் பக்கத்து வரப்புல இருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு இன்னாங்க சார், உசுரு இருக்குது, படிப்பான் பாடுவான்னு சொன்னேன்.

ஆராயி தலையில உப்புக்கூடையோட வந்துகினு இருந்தா. கூடைய அப்பிடியே வரப்புல போட்டா. நேரா என் முன்னாடி வந்து நின்னா. சகாயராஜு எதுக்கு திரும்பிப் போனான்னு உனக்குத் தெரியுமாய்யான்னு கேட்டா. அவன், அம்மா சும்மா இரும்மான்னு கத்துறான். ஓடியாந்து அவ வாய பொத்தறான். அவ கைய தட்டி வுட்டுட்டு சொன்னா. எம்புள்ள தெனமும் தூக்கத்துல இன்னா பேசுறான் தெரியுமா, கேளுய்யான்னு சொன்னா.

இருங்க தம்பி.

தீபாவளி சமயத்துல பசங்க ஒரு ஆம்ப்ளிஃபயர எரிச்சிட்டாங்க. வெங்கடாசலம் வூட்டுக்கு வந்து நாலு பேருக்கு முன்னாடி என்னை ஒரு மாதிரி பேசிட்டாரு. நான் பெல்ட்ட எடுத்து என் பையன வெளுத்துட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை காலையில வண்டி கெளம்பும்போது வாசல்ல நின்னு நான்தான் சொன்னேன். ஆம்ப்ளிஃபயருக்கு எதனா ஆச்சுன்னா இந்த வூட்டுப் பக்கம் வராதடா, கொன்னுடுவேன்னு. சித்தார்த்தனும் கேட்டுகினுதான் இருந்தான். பேச்சுவாக்குல சொல்றதுதானே தம்பி. பெத்தவங்க சொல்றதில்லையா?

தண்ணி எழும்பி வர்றத பாத்ததும் ரெண்டு பேரும் ஓடியிருக்காங்க. கையப் புடிச்சிகினு ஓடியிருக்காங்க. பாதி தூரத்துல என் பையன் கைய வுட்டுட்டு நின்னுட்டான். ஆம்ப்ளிஃபயரு இருக்குதுன்னு திரும்பிட்டான்.

ஆராயி சொன்னா, எம்புள்ள தூக்கத்துல, சகா, உங்கப்பா ஒண்ணும் பண்ணமாட்டாருடா, நான் சொல்லிக்கறேன், விட்டுட்டு வாடா, விட்டுட்டு வாடான்னு கத்திகினே எழுந்துக்கறான்யா, ஒண்ணரை வருசமா.

கல்லறையில நான் அடிக்கும்போது அத ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தா போதும். ஊரு என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லல. எங்க வூட்ல அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தானோ, எனக்கே தெரியக்கூடாதுன்னு இருந்தானோ. பதினேழு வயசுல அத முழுங்கிகினு நின்னான். அன்னிக்கும் வரப்புல அவங்கம்மாவத்தான் திட்டுனான். என்னை நிமுந்து பாக்கல. நான் மோகன் வாத்தியாரு கைய புடிச்சிகினேன், அவன எப்பிடியாவது சேத்துடுங்க சார்னு. அவரு நாலு நடை நடந்து சேத்துட்டாரு. பத்து நாளா ஸ்கூலுக்குப் போறான்.

வூட்ல அவகிட்ட நானே சொல்லிட்டேன். மூணு நாள் அடுப்பு பத்த வைக்கல. நாலாவது நாள், அவனுக்கு எதனா செய்யுன்னு மட்டும் சொன்னா. இந்தப் பணம் சகாயராஜுக்காக கவர்மெண்டு குடுத்தது. பேங்க்லயே கெடந்துச்சி, தொட மனசு வரல.

ஆச்சா? பில்ல உள்ளேயே வச்சிடுங்க. அந்த டப்பாவும், காதுல மாட்டறதும். பை நல்ல பையா குடுங்க.

ஒரு ஒத்தாசை தம்பி. கடையிலேர்ந்து யாரனா கொண்டாந்து அவன்கிட்ட குடுப்பீங்களா? பஸ் சார்ஜ் நான் தர்றேன். ஆராயி வூடுன்னு கேட்டா காட்டுவாங்க. எதோ டிரஸ்டுலேர்ந்து வந்துதுன்னு சொல்லட்டும். இல்ல தம்பி, நான் குடுத்தா வாங்கமாட்டான்னு இல்ல. வாங்கிக்குவான். ஒரு வார்த்தை கேக்காம, தல குனிஞ்சிகினு, ரெண்டு கையால வாங்கிக்குவான்.

அதான் என்னால முடியல.