ரெண்டாவது வரி

இல்லம்மா, காப்பி வேண்டாம். தண்ணி போதும். நீங்களும் உட்காருங்க, நின்னுக்கிட்டே கேட்டீங்கன்னா எனக்குப் பேச்சு கோர்வையா வராது. ஆமா, சரத் விஷயமாத்தான் வந்திருக்கேன். போன புதன்கிழமை சாயங்காலம் உங்க சென்டரோட சேஃப்டி சூப்பர்வைசர் பரீட்சையை ஆன்லைன்ல எழுத முடியாமப் போச்சே, அந்த சரத்துதான். ஷிப்யார்டுல சாரம் கட்டுறவன். புகார் அனுப்பினவன்.

நான் சொந்தக்காரன் இல்ல. பேரு ஞானசேகரன், குவீன்ஸ்டவுன்ல வீடு. ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் வந்து பென்குயின் தாத்தா எங்கன்னு கேட்டுப் பாருங்க, நாலு பேரு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. சிரிக்காதீங்க லா. லினக்ஸ்னு ஒரு சிஸ்டம் இருக்குல்ல, ஓசி, யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம், உள்ள பிரிச்சு மேயலாம். அதோட சின்னம் பென்குயின். ஜனங்க தூக்கிப் போடுற பழைய லேப்டாப்பை எடுத்து, துடைச்சு, லினக்ஸ் ஏத்தி, ஊர்லருந்து வந்து வேலை பாக்குற ஆளுங்களுக்குக் கொடுப்பேன். கை நீட்டி ஒண்ணும் வாங்க மாட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடையில மூலை மேசைதான் நம்ம ஆபீஸ். மத்தியானம் கூட்டம் வந்தா மேசையைக் காலி பண்ணிடணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்.

அனுபவமா? என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. இருபத்தாறு வருஷம் கப்பல் ரேடியோ. ஒரு தடவை நடுக்கடல்ல ஒரு கப்பல் ஊமையாப் போச்சு. கேப்டன் கிரேக்கக்காரன், ஆறடி ஆளு, கண்ணுல தண்ணி. நான் போட்ல போய் ஏறி, சமையக்கட்டுலருந்து காலி மைலோ டின்னு ரெண்டு வாங்கி, கம்பத்துல வச்சுக் கட்டினேன் பாருங்க, ஜகார்த்தா பேசுது, கொழும்பு பேசுது, கடைசில கேப்டனோட பொண்டாட்டியே லைன்ல வந்து ஏன் நேத்து பேசலைன்னு சண்டைக்கு வர்றா.

சரி. அப்படிப் பாக்காதீங்க. நான் ரேடியோ கம்பெனியில ஸ்டோர்ல இருந்தேன். சாமான் கேட்டு வர்றவங்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. கப்பல்ல ஏறினதே இல்ல. மைலோ டின்னு மட்டும் நிஜம், அதுல ஸ்க்ரூ போட்டு வச்சிருந்தேன்.

தெரியும்மா, அவனுக்கு இந்தப் பரீட்சை எவ்வளவு முக்கியம்னு நல்லாவே தெரியும். டிசம்பர்ல வேலை பெர்மிட் முடியுது. சூப்பர்வைசர் பேப்பர் கையில இருந்தா வச்சுக்கிறோம்னு கம்பெனி சொல்லியிருக்கு. இல்லன்னா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவாங்க. எட்டு மாசமா வேலை முடிஞ்சு வந்து, டார்மிட்டரி மாடிப்படியில உட்கார்ந்து படிச்சிருக்கான். ரூம்ல பன்னெண்டு பேரு, எங்க படிக்கிறது? எந்தக் கேள்வி கேட்டாலும் சொல்வான். கேட்டுப் பார்த்திருக்கேன்.

அவனுக்குத்தான் ஒரு லேப்டாப் கொடுத்தேன். தடியான பழைய மாடல், ஆனா நல்லா உழைக்கும். கொடுக்கிறதுக்கு முன்னால என் வீட்டுல பத்து நாள் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை ஜம்முனு ஓடுச்சு. பத்து நாள் முடிஞ்சு மூடி வச்சதும் ஆயுத பூஜை வந்துச்சு. நீங்க அக்கம்பக்கத்துல பார்த்திருப்பீங்க, அன்னைக்கு வீட்டுல புழங்குற அத்தனை சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். எங்க வீட்டுல ரைஸ் குக்கருக்கு வச்சாச்சு, வாஷிங் மெஷினுக்கு வச்சாச்சு, என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குக்கூட வச்சாச்சு. லேப்டாப்புக்கும்தான். பூஜை முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, வச்ச பொட்டோட அவன் கையில கொடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

டார்மிட்டரிக்குப் போய்த் திறந்தா வைஃபை இல்ல. மத்தவங்க ஃபோன்லயெல்லாம் ஓடுது, இதுல மட்டும் ஒரு பேரும் தெரியல. அங்க வைஃபையை விட்டா வேற வழி கிடையாதும்மா, கேபிள் இழுக்க விட மாட்டாங்க. அடுத்த ஞாயிறு தூக்கிட்டு வந்தான்.

அங்கதான் ஆரம்பம். கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை தட்டினேன். சுத்தி ஏழெட்டுப் பேரு வேடிக்கை பாக்குறாங்க, எனக்கு அது பிடிக்கும், பொய் சொல்லல. வைஃபை கார்டு இருக்கா? இருக்கு. பேரு காட்டுதா? காட்டுது. அதை ஓட்டுற டிரைவர் ஏறியிருக்கா? ஏறியிருக்கு. அப்புறம் எங்கயாவது பூட்டு விழுந்திருக்கான்னு கேக்குற கட்டளை ஒண்ணு. அதைத் தட்டினா ரெண்டு வரி வரும். மொத வரி, சிஸ்டம் உள்ளருந்து பூட்டியிருக்கான்னு சொல்லும். ரெண்டாவது வரி, வெளிய மெஷின்ல கையால பூட்டியிருக்கான்னு சொல்லும். மொத வரியில நோன்னு இருந்துச்சு. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போயிட்டேன். சரத் என் தோளுக்குப் பின்னாலருந்து குனிஞ்சு, ஐயா, கீழ யெஸ்னு இருக்கேன்னான்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

அத்தனை பேரு முன்னால அவன்கிட்ட நான் கேட்டேன், தம்பி, நீ சாரத்துல நிக்கும்போது எந்தக் குழாயை எங்க மாட்டணும்னு நான் வந்து சொல்றேனான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் ஸ்க்ரீன்ல என்ன வந்தாலும் அவன் வாயைத் திறக்கல.

மூணு ஞாயிறு. டிரைவரைக் கழட்டி மாட்டினேன். கெர்னல்னு சிஸ்டத்தோட உயிர்நாடி ஒண்ணு இருக்கு, அதையே பழசுக்கு மாத்தினேன். இன்டர்நெட்டுல எவனோ ஜெர்மன்காரன் எழுதி வச்சிருந்ததை அர்த்தம் தெரியாமலே அப்படியே தட்டினேன், அன்னைக்கு ஸ்பீக்கரும் ஊமையாச்சு. ஜாலான் புசார்ல ஒரு கடையில கட்டைவிரல் சைசுக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கிச் சொருகினேன். அதுக்கான டிரைவரை நாமளே தயார் பண்ணி ஏத்தணும். அதுக்குள்ள நான் சிஸ்டத்தை அந்த அளவுக்குக் குடைஞ்சு வச்சிருந்தேன், ஏற மாட்டேன்னுடுச்சு. ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு காரணம் சொல்லணும்ல? ஒரு வாரம் சூரியப் புயல். ஒரு வாரம் துறைமுக ரேடார். அவன் தலையாட்டுவான். எதிர்ல ஒருத்தன் தலையாட்டினா நான் இன்னும் ரெண்டு மாடி கட்டிடுவேன், அது என் வியாதி.

என்னது, ஃபோன்ல கேபிள் சொருகி நெட் எடுத்திருக்கலாமா? யோசிச்சோம். பரீட்சை நேரத்துல ஃபோனை அணைச்சுக் கேமராவுக்குக் காட்டி வச்சிடணும்னு உங்க ரூல்ல இருக்கே. நல்ல ரூல்தான், குறை சொல்லல.

ஆமா. தெரியும். வசதி இல்லாதவங்க சென்டருக்கே வந்து எழுதலாம், மூணு நாள் முன்னால சொன்னாப் போதும். கடைசி ஞாயிறு அவன் அதைத்தான் கேட்டான். அதுக்கு முந்தின நாள் உங்க சென்டருக்கு ஃபோன் பண்ணிப் பேசியிருக்கான். ஒரு அக்கா தமிழ்லயே பொறுமையாச் சொன்னாங்க ஐயா, இன்னைக்குள்ள மெசேஜ் போட்டா இடம் இருக்காம், போட்டுடவான்னான். ஃபோன் கையில தயாரா இருக்கு. மெசேஜ்கூட அடிச்சு வச்சிருந்தான், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்து மேசையில ஆளுங்க. கடைக்காரர் வேற காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருக்கார். பென்குயின் தாத்தா கொடுத்தது ஓடலைன்னு ஒருத்தன் கிளம்பிப் போறான்னா என்ன ஆகும் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது. இப்பத் தெரியுது, ஒண்ணுமே ஆகாது. அன்னைக்கு அப்படித் தோணல. எதுக்குப் போற, சரி பண்ணிட்டேன் லான்னேன். இங்க ஞாயித்துக்கிழமை ஆயிரம் ஃபோனு, சிக்னல் நெரிசல், டார்மிட்டரியில திறந்தா தானாப் பிடிச்சுக்கும்னேன். அடிச்சு வச்ச மெசேஜை என் கண்ணு முன்னாலயே அழிச்சான்.

பிடிக்கல. எப்படிப் பிடிக்கும்? திங்கக்கிழமை ஃபோன் பண்ணினான், அணைச்சுப் போடுன்னேன். செவ்வாய்க்கிழமை பண்ணினான், ரெண்டு தடவை அணைச்சுப் போடுன்னேன். புதன்கிழமை ஆறு மணிக்கு, பரீட்சைக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பண்ணினான். அழல. குரல் மட்டும் ரொம்ப மெதுவா இருந்துச்சு. அவங்க சர்வர் படுத்துடுச்சுப்பா, அதனாலதான் எதுவும் பிடிக்கல, நாடு பூரா இதே கதைன்னேன். அப்பாடான்னான். தப்பு தன்மேல இல்லைன்னு அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

நேத்து ஞாயிறு, லேப்டாப்பைத் துணிப்பையில போட்டுத் திருப்பிக் கொடுத்தான். வேற யாருக்காவது உதவும் ஐயான்னு. வீட்டுக்குக் கொண்டு போய் ஆன் பண்ணி வச்சேன். ரஞ்சிதம், என் சம்சாரம், இதென்னங்க இன்னும் சந்தனம் அப்பிக் கிடக்குன்னு ஈரத் துணியை எடுத்து முன் விளிம்புல அழுத்தித் துடைச்சா. டிக்குனு ஒரு சத்தம். நகக்கண் அகலத்துக்கு ஒரு சுவிட்சும்மா. இப்படித் தள்ளினா வைஃபை ஆன், அப்படித் தள்ளினா ஆஃப். காய்ஞ்ச சந்தனத்துக்குள்ள புதைஞ்சு கிடந்திருக்கு. நீலமா சின்ன விளக்கு ஒண்ணு எரிஞ்சுது. பக்கத்து வீட்டு வைஃபை, மேல் வீட்டு வைஃபை, எதிர் பிளாக் வைஃபை, எல்லாப் பேரும் வரிசையா வந்து நின்னுச்சு. நான் எதையுமே தொடல. அவ துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, ஓடுதுல்லங்கன்னா.

சந்தனம் வச்சது ரஞ்சிதம்னு சொல்லிடலாம்னு காலையில பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன். பொம்பளைக்குத் தெரியலைன்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க. அதுவும் இல்ல. அவ திரை மேல வைக்கத்தான் போனா. நிறுத்து, விஷயம் தெரிஞ்சவன் நான் வைக்கிறேன்னு கிண்ணத்தை வாங்கி, கட்டைவிரலால விளிம்பு நெடுக ஒரே இழுப்பா இழுத்தேன். அந்த இழுப்புலதான் சுவிட்ச் நகர்ந்திருக்கு. அந்த ரெண்டாவது வரியில யெஸ்னு சொன்னது அதைத்தான். மொத நாளே சொல்லுச்சு. அவனும் சொன்னான்.

அந்தப் புகாரைக் கொஞ்சம் எடுங்க. இங்கிலீஷ் நல்லா இருக்குல்ல? சரத்துக்கு அவ்வளவு வராது. நான் எழுதி அவன் பேருல அனுப்பினது. சென்டர் சர்வர் நின்னு போச்சுன்னு மொத வரி. ரெண்டாவது வரியில, ஃபோன்ல கேட்டதுக்கு ஊழியர் ஃபஸீலா அலட்சியமாப் பேசினாங்கன்னு இருக்கும். அவன் வேணாம்னான். அவங்க நல்லாத்தானே ஐயா பேசினாங்கன்னான். பேரு போட்டாத்தான் புகார் நிக்கும், உனக்குத் தெரியாதுன்னு நான்தான் போட்டேன். உள்ள வந்ததும் உங்க சட்டையில அந்தப் பேரைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கப்பல் கதையை ஆரம்பிச்சேன்.

உங்ககிட்ட விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்களா? எப்போ, வெள்ளிக்கிழமையா?

நான் எழுதித் தர்றேன். இப்பவே, இந்த மேசையிலயே. சர்வர்ல தப்பு இல்ல, உங்கமேல தப்பு இல்ல, எல்லாம் நான் பண்ணினதுன்னு. உங்க மேலதிகாரி முன்னால வந்து நின்னும் சொல்றேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். சென்டர் தப்புன்னா அவனுக்கு இந்த மாசமே மறுபரீட்சை உண்டு. எழுதுறவன் தப்புன்னா மார்ச் மாசம்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு. ரெண்டும் இல்லாம, மூணாவது ஒருத்தன் கெடுத்தான்னா எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க? அப்படிக் கட்டமே இல்லையா? அப்படின்னா ஓரத்துல எழுதுங்கம்மா. என் ஐசி, அடையாள அட்டை நம்பர் போட்டு எழுதுங்க. கேட்டுப் பாக்கிறேன்னு நீங்க சொல்றதே பெருசு. முடியாதுன்னு வந்தாலும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன்.

சரத்தா? கீழதான் நிக்கிறான், பஸ் ஸ்டாப்புல. அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கான். இல்ல, அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நான் அவனுக்காக உங்ககிட்ட சண்டை போட மேல வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, சத்தம் மட்டும் போடாதீங்க ஐயா, அந்த அக்கா நல்ல மாதிரின்னு சொல்லி அனுப்பினான்.

அவனை மேல கூப்பிடுங்க. நம்பர் அந்தப் புகார்லயே இருக்கு. நீங்க எழுந்து போயிடாதீங்க, இங்கயே இருங்க. தனியா உட்கார்ந்து அவன்கிட்ட சொன்னேன்னா, பாதியில மைலோ டின்னு வந்துடும்.