உள்ளே வராத அறை

— நேடின் அம்மணி, கொஞ்சம் நகருங்க. நான் வண்டிக்கு அடியில படுத்து ஹோஸை முறுக்கி விட்டுடறேன்.

— ஹோபார்ட், நீங்க நாற்காலியை விட்டு எந்திரிக்கவே கூடாது. காப்பி குடிக்கலாம், வாய் வலிக்கிற வரைக்கும் யோசனை சொல்லலாம். ஸ்பேனரைத் தொடக்கூடாது.

— அப்ப பக்கத்து வண்டியில குடியிருக்கறவன்னு நான் எதுக்கு இருக்கேன்? இந்தப் பாலைவனத்துல யாராவது வண்டிக்கு அடியில தலையை விட்டா நாலு பேர் நாற்காலியோட வர்றதுதானே வழக்கம்.

— வேடிக்கை பாக்க வருவாங்க. அதை மட்டும் செய்யுங்க.

— சும்மா சொல்லக்கூடாது அம்மணி, புது ஆயில் ஹோஸ் பளபளன்னு இருக்கு. அளவு சேருமா?

— பழசைக் கழட்டிக்கிட்டே டவுனுக்குப் போனேன். டிராக்டருக்கெல்லாம் ஹோஸ் போட்டுத் தர்றானே, அந்தக் கடை. அப்படியே அச்சு அசலா செஞ்சு குடுத்துட்டான். "வீட்டுக்காரர் வரலையா?"ன்னு கேட்டான். "அவர் சாம்பலைக் கொலராடோ ஆத்துல கரைச்சு நாலு வருஷமாச்சு"ன்னேன். பாவம், பாக்கிச் சில்லறையைக்கூடத் தலை குனிஞ்சுகிட்டே குடுத்தான்.

— உங்க வாய்க்கு முன்னாடி எவன் நிப்பான்! ஆமா, மகன் எப்ப வர்றான்?

— டெரிக்கா? மத்தியானம். ஒமாஹாவுலேருந்து கார்ல வர்றான். ஹோஸ் கிழிஞ்சு, நான் குடியிருக்கற இந்த வண்டியிலேருந்து வெளிய நீட்டின அறையை உள்ள இழுக்க முடியாம நிக்கிறேன்னு போன்ல உளறிட்டேன், போதாதா? "வித்துத் தொலைச்சுட்டு வீட்டுக்கு வந்துடும்மா"ங்கிறான். யாரையும் கூப்பிடாம நானே சரி பண்ணி இழுத்துக் காட்டினா, இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டானாம்.

— காட்டலேன்னா?

— அவன் வீட்டுக்கு அடியில ஒரு அறை வெச்சிருக்கான். தரைக்குக் கீழ. ஜன்னலைத் தொறந்தா புல்லோட வேர் தெரியும். வேரைப் பாக்கற காலம் வரும்போது தானா வரும், இப்பவே எதுக்கு?

— ஐயோ, நல்ல வார்த்தை பேசுங்க!

— சரி, அந்தப் பெரிய ஸ்பேனரைத் தள்ளி விடுங்க. ஒண்ணால பிடிக்கணும், இன்னொண்ணால முறுக்கணும். ஒத்தையில முறுக்கினா ஹோஸும் சேந்து திருகிக்கும்... ம்ம்... வா கண்ணு வா... அவ்வளவுதான். உக்காந்துடுச்சு.

— அடேயப்பா! இனி ஆயில் டேங்க்கை முட்ட முட்ட ஊத்துங்க.

— ஊத்துவேன், உங்க பேச்சைக் கேட்டா! அறை வெளிய நிக்கறப்ப டேங்க்கை ரொப்பினா, உள்ள வரும்போது குழாய்ல இருக்கறதும் சேந்து திரும்பி வருமே, அது எங்க போகும்? போன குளிர்காலம் உங்க வண்டியில என்ன ஆச்சு?

— அதை இப்ப எதுக்கு...

— வழிஞ்ச செவப்பு ஆயில்ல நனைஞ்சு உங்க வெள்ளை நாய் வசந்தம் வரைக்கும் செவப்பாத் திரிஞ்சது. ஊரே "எந்த ஜாதி நாய்?"னு கேட்டுச்சு.

— அதுக்கு அந்தக் கலர் நல்லாத்தான் இருந்துச்சு, போங்க.

— கொஞ்சமா ஊத்திட்டேன். அறை உள்ள வந்தப்புறம் மீதியைப் பாத்துக்கலாம். நான் பட்டனை அமுக்கறேன். நீங்க இந்த அட்டையை ஹோஸுக்குக் கீழ பிடிங்க. கையால மட்டும் தடவிப் பாக்காதீங்க. ஊசித்துளை இருந்தாக்கூட ஆயில் தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயிடும்.

— அட்டை ரெடி. கடவுளை வேண்டிக்கிட்டு அமுக்குங்க.

— வேண்டியாச்சு... என்னது, உறுமுது, நகர மாட்டேங்குதே!

— குழாய்ல காத்து மாட்டியிருக்கும் அம்மணி. விட்டு விட்டு அமுக்குங்க.

— வா... வாடி என் ராசாத்தி... எம்மானத்தை வாங்கிடாதே...

— அம்மா!

— டெரிக்! அதுக்குள்ள வந்துட்டியா? கிட்ட வராதடா! தள்ளி நில்லு! அறை அசையுது!

— அம்மா, மேலெல்லாம் செவப்பா... ரத்தமா?

— ஆயில்டா! ஹோபார்ட், அட்டை?

— ஒரு சொட்டு இல்ல! வருது, வருது... நாலு மூலையும் ஒண்ணா வருது... உக்காந்துடுச்சு! அட்டை காஞ்சு கெடக்கு அம்மணி!

— பாத்தியாடா? ஹோபார்ட், சொல்லுங்க இவன்கிட்ட, யார் பண்ணினது?

— உங்கம்மாதான் தம்பி. நான் காப்பி குடிச்சதோட சரி. அதுவும் அவங்க போட்ட காப்பி.

— சொன்ன வாக்கு ஞாபகம் இருக்கா டெரிக்?

— இருக்கும்மா. நீதான் ஜெயிச்ச. இனிமே வித்துடுன்னு சொல்ல மாட்டேன்.

— அதை ஏன்டா இப்படிச் செத்த குரல்ல சொல்ற? ஜெயிச்ச அம்மாவைக் கட்டிப்பிடிக்க மாட்டியா? சட்டை அழுக்கானா ஆகட்டும், வா.

— அந்தக் கீழறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சேம்மா. நீ வருவேன்னே நெனச்சுட்டேன்.

— அட என் செல்லமே... சரி, என் மருமக மார்லா எங்க? கார்லயே தூங்கறாளா?

— வரலம்மா.

— வேலையா?

— அவ என்னை விட்டுட்டுப் போயிட்டாம்மா. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும். போன்ல சொல்ல முடியல.

— டெரிக்...

— நீ இங்க தனியா இருக்கேன்னு பயந்து கூப்பிடலம்மா. எனக்கு அந்த வீட்டுக்குள்ள போகவே பிடிக்கல. சாயங்காலமானா வாசல்ல கார்லயே உக்காந்திருக்கேன்.

— அம்மணி, நான் போயி மூணு பேருக்கும் முட்டை பொரிக்கறேன்.

— போங்க ஹோபார்ட், நல்லா மிளகு தூவுங்க. டெரிக், பின்னாடி தள்ளி நில்லு, பட்டனை அமுக்கறேன்.

— இப்பதானேம்மா அவ்வளவு பாடுபட்டு உள்ள இழுத்த? மறுபடி எதுக்கு வெளிய தள்ற?

— அறை வெளிய இருந்தாத்தான்டா அதுக்குள்ள இருக்கற இன்னொரு கட்டில்ல நீ படுக்க முடியும்.